குளியலறைக்குள் ஒரு சிவப்புக் கார்

களைத்துப்போன மனிதர்களுக்கு வைத்தியர்கள் பொழுதுபோக்கைச் சிபாரிசு செய்யக் கூடாது. மாத்திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு பிரஷர் கூடியபோது, வெள்ளவத்தையில் ஒரு டொக்டர் "மனசுக்குப் பிடிச்ச ஏதாவது செய்யுங்கோ" என்று சொல்லாமல் விட்டிருந்தால், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றைத் தனி ஆளாகக் காலி செய்தவன் என்ற பெயர் எனக்கு வந்திருக்காது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கந்தோரில், மோட்டார் வாகன இழப்பீட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நசுங்கிய கார்களின் படங்களை நாள் முழுக்கப் பார்ப்பதுதான் தொழில். இருபத்தேழு வருடமாக முழுசான ஒரு காரைக் கந்தோரில் நான் கண்டதில்லை. அதனாலோ என்னவோ, மனசுக்குப் பிடித்தது எது என்று யோசித்தபோது நசுங்காத கார்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சாண் நீளத்தில், பிளாஸ்டிக்கில், பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியில் உள்ளபடி செய்கிறவன் வெறும் ஆரம்பக்காரன் என்று இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி, நான் சக்கரங்களை மாற்றினேன். காரைத் தரையோடு தரையாகப் பதித்தேன். என் மனைவி சாந்தியின் பழைய பிளவுஸ் ஒன்றின் உட்துணியை வெட்டி சீட்டுகளுக்கு உறை போட்டேன். (அது பழையது அல்ல என்பது பிறகு தெரியவந்தது.) ஏழு மாதம் கழித்து, மினுமினுக்கிற மெட்டாலிக் சிவப்பில், நான்காம் மாடியில் எங்கள் ஹோல் மேசையில் கார் நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை. எங்கள் மகள் துளசி தானே தேர்ந்தெடுத்த பொடியனின் தாய் தகப்பன் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். பன்னிரண்டரைக்கு வருவதாக ஏற்பாடு. பதினொரு மணிக்கு சாந்தியும் துளசியும் வாழையிலையும் ஐஸ்கிறீமும் வாங்க காலி வீதிக்குப் புறப்பட்டார்கள். வாசலில் நின்று சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, குளிச்சு, வேட்டியைக் கட்டிக்கொண்டு கதிரையில இருங்கோ. அந்தக் காரைத் தொடக் கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன்.

கதவு சாத்தியதும் காரைப் பார்த்தேன். பொனட்டின் நடுவில் பெயின்டோடு சேர்ந்து காய்ந்துபோன ஒரு மயிர்! என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், எனக்குத்தான் உதிர்கிறது. சம்பந்தியாகப் போகிறவருக்குக் காட்டுவதற்கென்று நடு மேசையில் வைத்த கார். அந்த ஒரு மயிரை மனிதர் காணாமல் விடுவாரா என்று அன்றைக்கு எனக்குப் பெரிய கவலை. (மனிதர் கண்ணாடி இல்லாமல் என்னையே காணமாட்டார்.)

காரையும், பெயின்ட் விசிறும் சின்னத் துப்பாக்கியையும், பெயின்ட் கரைக்கிற தின்னர் ஒரு போத்தலையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். குளிக்கத்தானே சொன்னாள், குளியலறைக்குத்தானே போகிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. மயிரைத் தேய்த்து ராவி எடுத்தேன். ஒரு பூச்சு அடித்தேன். அழகாக வந்தது. இரண்டடி பின்னால் தள்ளி நின்று ரசிக்கலாமென்று நகர்ந்தேன். எங்கள் குளியலறையில் இரண்டடி கிடையாது. முழங்கை தட்டி, தின்னர் போத்தல் தரையில் விழுந்து உடைந்தது.

அத்தனையும் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் போனது. நான் புத்திசாலித்தனமாக மேலும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். எல்லா மாடிக் குளியலறைகளுக்கும் குழாய் ஒன்றே. காற்றுப் போகிற கூண்டும் ஒன்றே, ஒரு வீட்டு மணம் ஏழு மாடிக்கும் போகும். அது எனக்கு அப்போது தெரியாது. இப்போது கட்டடத்தின் வரைபடமே மனப்பாடம்.

பத்து நிமிடத்தில் படிக்கட்டில் சத்தம் கேட்டது. அந்த மாதங்களில் எங்கேயாவது ஒரு வீட்டில் கேஸ் அடுப்பு வெடித்ததாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. சனங்கள் தேநீர் போடவே பயந்திருந்த காலம். கதவைத் திறந்தால், எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குணரத்தினம் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துகிறார்.

"கேஸ் லீக்! எல்லாரும் கீழ இறங்குங்கோ! லைட் சுவிச்சில கை வைக்காதேங்கோ! நான் மெயினை ஓஃப் பண்ணிப் போட்டன், லிஃப்ட் வேலை செய்யாது!"

இந்த இடத்தில் ஒரு வசனம் போதுமாக இருந்தது. "அண்ணை, அது கேஸ் இல்லை, என்ர தின்னர்." ஆறு சொல். நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அப்படியோ அண்ணை? எங்க லீக்?"

"ஆருக்குத் தெரியும்! தம்பி, நீர் மேல ஓடும். ஏழாம் மாடியில ஹாஜியார் இருக்கிறார், நடக்கேலாது. வோச்சரையும் கூட்டிக்கொண்டு போய் இறக்கும்!"

குற்றவாளிக்கு வேலை கொடுத்தால் உற்சாகமாகச் செய்வான். நான் ஓடினேன். ஹாஜியாருக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்து இரண்டு மாதம். நிறை நூற்றுப் பத்துக் கிலோவுக்குக் குறையாது. அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முன்னால் கட்டடக் காவலாளி, வோச்சர் சுனில், பின்னால் நான். என்னுடைய பிரஷருக்கு டொக்டர் சொல்லாத உடற்பயிற்சி இது ஒன்றுதான். "ஹெமின், மஹத்தயா, ஹெமின்" என்று சுனில் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அதைவிட மெதுவாகப் போக மனிதனால் முடியாது.

ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம். ஹாஜியார் தலையை உயர்த்தி, இரண்டு தரம் நன்றாக மூக்கால் இழுத்தார். பிறகு கதிரையைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மவன், இது கேஸ் இல்லயே. தின்னர்."

நான் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டேன்.

"நாப்பது வருஷம் கிராண்ட்பாஸ்ல கார் பெயின்ட் அடிச்ச மூக்கு இது. நீங்கதானே?"

"ஓம் ஹாஜியார்" என்றேன். கண் கலங்கிவிட்டது. "இப்பவே போய்ச் சொல்லிப்போடுறன். உங்களைத் திரும்ப மேல..."

"ஆ, ஆ, வாணாம்!" என்று என் கையைப் பிடித்தார். "மொதல்ல என்னயக் கீழ கொண்டு போங்க. ரெண்டு மாசமா பொஞ்சாதி வாசப்படி தாண்ட விடல்ல. கடல் பக்கம் வெச்சிட்டு, பொறகு என்னத்தயும் செல்லுங்க."

ஆகவே, ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்த இரண்டு பேர், தெரியாத ஒருவனுடன் சேர்ந்து, மேலும் ஐந்து மாடி இறங்கினோம். ஒழுங்கை முனையில், மரைன் டிரைவ் தெரிகிற இடத்தில் கதிரையை இறக்கினோம். ஹாஜியார் கடல் காற்றை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் பால் விடாத ஒரு பிளேன்ரீ வாங்கித் தரச் சொன்னார். ஒழுங்கை முழுக்கச் சனம். குணரத்தினம் அண்ணை எல்லாருக்கும் கேட்கும்படி, "இவர்தான் தனியாத் தூக்கினவர்!" என்று என்னைக் காட்டினார். (சுனில் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நான் மொழிபெயர்க்கவில்லை.)

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பொடியனும் தாய் தகப்பனும் இறங்கினார்கள். பின்னாலேயே வாழையிலைக் கட்டோடு சாந்தியும் துளசியும் வந்து சேர்ந்தார்கள். குணரத்தினம் அண்ணை கதையை இன்னொரு தரம், ஹாஜியாரின் நிறையைக் கொஞ்சம் கூட்டி, சொன்னார். பொடியனின் தகப்பன் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"இப்படி ஒரு மனுசன்ர வீட்டில சம்பந்தம் எண்டால் நாங்கள் குடுத்து வைச்சிருக்க வேணும்."

தாய் என் கைகளைக் கண்டு பதறிப்போனா. "ஐயோ, ரத்தம்! தூக்கேக்க வெட்டிப் போட்டுது போல. காட்டுங்கோ, நான் பெரியாஸ்பத்திரியில முப்பது வருஷம் நேர்ஸாக இருந்தனான்."

கையைப் பின்னால் இழுத்தேன். அவ விடவில்லை. கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தா. போகவில்லை. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தா. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினா.

"என்னது, மின்னுது?"

சாந்தி கிட்ட வந்து குனிந்து என் கையை மோந்தாள். ஏழு மாதம் அந்த மணத்தோடு வாழ்ந்தவளுக்கு ஒரு மூச்சே போதும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை, வெறும் களைப்பு. கலியாணம் முடித்த நாளிலிருந்து சேர்த்து வைத்த களைப்பு.

"தொடேல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது.

"மவன், இப்ப செல்லிருங்க" என்றார் ஹாஜியார் பிளேன்ரீயை ஊதிக்கொண்டு.

சொன்னேன். அறுபது பேருக்கு முன்னால், தீயணைப்பு வீரர்களுக்காகச் சிங்களத்தில் இன்னொரு தரமும் சொன்னேன். அவர்களின் அதிகாரி காரைக் காட்டச் சொன்னார். எடுத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிய வண்டியில் வந்த எட்டுப் பேர் அந்த ஒரு சாண் காரைச் சுற்றி நின்ற காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஹாஜியார் மட்டும் காரை வாங்கி வெயிலில் சரித்துப் பார்த்து, "பெயின்ட் தோடம்பழத் தோல் மாதிரி குழி குழியா ஈக்கி. அவசரப்பட்டுட்டீங்க" என்றார். அன்றைக்கு எனக்கு மிகவும் வலித்த வார்த்தை அதுதான்.

துளசி அழுதுகொண்டிருந்தாள். பொடியனின் தாய் அவள் தோளில் கை போட்டு, "அழாதேங்கோ மகள். இவர் ஒரு வருஷம் மொட்டை மாடியில புறா வளர்த்தவர். ஆம்பிளையளுக்கு அம்பது தாண்டினால் இப்படித்தான்" என்று தன் கணவரைக் காட்டினா. கலியாணம் அந்த நிமிடம் தப்பியது. சாப்பாடு மூன்று மணிக்கு நடந்தது. ஐஸ்கிறீமைக் குடித்தோம்.

கார் கட்டுவதை நான் விடவில்லை. பெயின்ட் அடிக்கிற நாளில் மட்டும் கட்டடத்தின் வட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. அறிவிக்கிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, கந்தோரில் ஒரு லொறி ஏறி நசுங்கிய வான் வண்டியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கட்டடத்தின் வட்ஸ்அப் குழு விடாமல் அடித்தது. இரண்டாம் மாடியிலிருந்து, "அண்ணை, மூடியைப் போடுங்கோ." ஆறாம் மாடியிலிருந்து, "அறிவிக்கேல்லையே இண்டைக்கு?" குணரத்தினம் அண்ணையிடமிருந்து, "தயவுசெய்து ஜன்னலைத் திறந்து அடிக்கவும்." கட்டடம் முழுக்க மணம். ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டாம் மாடியில் யாருடைய வீட்டிலோ கேஸ் குழாய் உண்மையாகவே கழன்றிருந்தது.

நான் பதில் எழுதுவதற்குள் சாந்தி ஒரு வரி போட்டாள். "அவர் கந்தோரில நிக்கிறார்."

இரண்டு நிமிடத்தில் கட்டடம் காலி. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது துளசியும் மருமகனும் எங்கள் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் ஏதாவது கருகத் தொடங்கினாலே, "மாமா வீட்டிலயோ, கந்தோரிலயோ?" என்று மருமகன் கேட்பார். "வீட்டில" என்று சாந்தி சொன்னால், எல்லாரும் அப்படியே இருந்து சாப்பிடுவார்கள்.