மாப்பிள்ளை குதித்த பாட்டு

எங்கள் இசைக்குழு வாங்கிய முதல் கைதட்டல் எங்கள் பாட்டுக்குக் கிடைத்ததல்ல. என் பெரியம்மாவின் அலறலுக்குக் கிடைத்தது. இத்தனை வருடங்களாக இதை வெளியில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸாக இருந்தேன். வீடு அண்ணனூரில். பகலெல்லாம் அரத்தால் இரும்பை ராவுவேன், சாயங்காலம் கலைஞன். (தலைமுடியைப் பார்த்தால் காலையிலிருந்தே கலைஞன்தான்.) என்னிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. நண்பன் ஸ்டீபனிடம் இன்னொன்று. ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, கூடவே பாடி, மற்றதில் பதிவோம். இப்படி நாலைந்து முறை செய்தால் குரல்மேல் குரல் படிந்து, பாட்டு பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டீபன், இதற்கு 'சைக்கடெலிக்' என்று பெயர் என்றான்.

அப்பாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "புள்ள இன்னா பண்றான்?" என்று யாராவது கேட்டால், "சைக்கிள் கடை பாட்டாம்பா. பஞ்சர் ஆன மாதிரிதான் கீது" என்பார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கிணறு. ஒருகாலத்தில் வயலுக்கு இறைத்தது. வயலெல்லாம் மனைகளாகிவிட, அது மட்டும் போக இடமில்லாமல் நின்றுவிட்டது. ஒருநாள் ஸ்டீபன் அதற்குள் எட்டிப் பார்த்து "ஓ..." என்றான். அந்த 'ஓ' கீழே போய், நனைந்து, நிதானமாக மேலே வந்தது. அன்றே அதை ஸ்டுடியோவாக்கிவிட்டோம். ஒரு ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டோம். பக்கத்திலேயே ஒரு மைக். பதிந்த குரல்கள் ஸ்பீக்கரில் ஒலிக்கும். கிணற்றின் எதிரொலியோடு மைக் அவற்றை மேலே கொண்டுவரும். எதிர்வீட்டு பாபு டோலக்கோடு வந்து சேர்ந்தான். குழுவுக்கு 'ஊதாக் கனவு' என்று பெயர் வைத்தோம். ("ஊதுவத்தி கம்பெனியா?" என்றார் பெரியம்மா.)

அந்த வருடம் வசந்தா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கோபால், பருத்திப்பட்டுக்காரர், ஃபிட்டர். பெண் பார்க்க வந்தபோது மொத்தம் நாலு வார்த்தை பேசினார், அதில் இரண்டு "காபி போதும்". முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலை வீட்டு வாசலில் வரவேற்பு. நாங்களே பாடுகிறோம் என்றேன்.

"சம்பந்திங்க எழுந்து பூடுவாங்கடா!" என்றார் அப்பா.

அக்காதான் எனக்காகப் பேசினாள். "பாடட்டும் நைனா. நான் இந்த ஊட்ட வுட்டுப் போறேன். அவன் வேற இன்னா கேட்டான்?"

வெயில் இறங்கி, பந்தல் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். கிணற்று மைக்கின் ஒயர் சமையலறை வழியாக வந்து பந்தலின் நாலு குழாய் ஒலிபெருக்கிகளோடு சேர்ந்திருந்தது. எங்கள் முதல் பாட்டில் வார்த்தைகளே கிடையாது. "ஓ...ஓ..." என்று டேப்பில் எங்கள் குரல்கள், மேலே ஸ்டீபனின் கிட்டார். தூரத்தில் மின்சார ரயில் போகும் சத்தம்கூட அதே சுருதியில் கரைவதுபோல் எனக்குத் தோன்றியது. கால்மணி நேரம் கழித்து முன்வரிசைக்காரர் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, மைக் டெஸ்டிங் முடிஞ்சுதா?"

அப்போதுதான் வேப்பம்பட்டுப் பெரியம்மா கை கழுவப் பின்பக்கம் போனார். கிணற்றுக்குள்ளிருந்து "ஓ...ஓ..." என்று முனகல். எட்டிப் பார்த்தார், இருட்டு.

"ஐயையோ! கெணத்துல எவளோ வுழுந்துட்டாடீ!"

மைக் அதையும் விடவில்லை. நாலு ஒலிபெருக்கிகளிலும் "வுழுந்துட்டாடீ...டீ...டீ..." என்று வந்தது. பந்தலே கைதட்டியது. "இதாம்பா பாட்டு!" என்றார் அதே முன்வரிசைக்காரர். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாபுவின் புதுக் கற்பனை என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு "டீ...டீ..." என்று கூடவே இழுத்தேன். சமையல்காரர் இரண்டு டீ கொடுத்தனுப்பினார்.

அலறலின் அர்த்தம் ஒரே ஒருவருக்குத்தான் புரிந்தது. கோபால் மாமா மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். அடுத்த நிமிடம் ஒலிபெருக்கியில் 'தொபுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் ஓடினோம். ஸ்டீபன் மட்டும் கண்மூடி வாசித்துக்கொண்டே இருந்தான். கிணற்றோரம் ஒரு புது ஷூ கிடந்தது. கீழே தண்ணீரில் வட்டங்கள் மட்டுமே தெரிந்தன. ஆளைக் காணோம். அக்கா பட்டுப்புடவையோடு விளிம்பில் நின்று என் தோளைப் பிடித்திருந்தாள். எனக்காகப் பேசியவள் வாழ்க்கையை ஒரு 'ஓ'வில் முடித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

வாசல் பக்கம், ஸ்டீபன் மட்டுமே இருந்த பந்தலின் ஒலிபெருக்கிகளிலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"இங்க ஆரும் இல்ல... ல... ல..."

மறுபடியும் அதே குரல்: "பொட்டி ஒண்ணுதான் பாடிக்கினு கீது."

"மேல வாங்க மாமா!" என்று அழாத குறையாகக் கத்தினேன்.

"இரு மச்சான். பாட்டு முடியட்டும்."

கண் இருட்டுக்குப் பழகியதும் அவர் தெரிந்தார். கோட்டும் சூட்டுமாக, தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். வட்டமாகத் தெரியும் வானத்தைப் பார்த்தபடி, கைகளை விரித்து. கிணற்றிலிருந்து எங்கள் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆவிபோல ஏறி வந்தன. என் பாட்டை நானே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது நன்றாக இருந்தது. (கர்வமில்லை, கிணற்றின் கருணை.)

"மாப்ள முன்னாடிலேந்தே இப்டித்தானா?" என்று அப்பா சம்பந்தியின் காதில் கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள்.

மேலே ஏறி வந்த மாமா அப்பாவின் வேட்டியில் நிற்க, மீதி வரவேற்பு நடந்தது. மறுநாள் காலை ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தும்மலோடு மாமா தாலி கட்டினார். அதற்குப் பிறகு ஆறு வருடம், சர்ச் ஹாலிலும் கல்லூரி விழாக்களிலும் ஊதாக் கனவு பாடியது. எங்கே பாடினாலும் கண்மூடி முதல் வரிசையில் மாமா இருப்பார்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் வேலை, சம்பளமெல்லாம் நான் கேட்டு முடித்ததும் அக்கா கேட்டாள்: "தம்பிக்கு நீச்சல் தெரியுமா?" எங்கள் குடும்பத்தில் எல்லா மாப்பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்வி அது. பாவம், பையன் திருதிருவென்று விழித்து, "இல்லீங்க" என்றான்.

காபித் தட்டோடு நின்ற என் மகள் சொன்னாள்: "கத்துக்குங்க. எங்க அப்பா இன்னும் பாடறாரு."