ஏழாம் பிரிவுக்கு ஓர் ஆட்சேபணை

"அண்ணே, ஒரே ஒரு ஆட்சேபணை எழுதிக் குடுங்கண்ணே."

விறகு பிளந்துகொண்டிருந்த யோகராஜ் கோடாரியைக் கீழே வைத்தார். "நீ நல்லதுதானே செய்ற தங்கச்சி? நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"நீங்க குறுக்க நின்னாத்தான் நல்லது நடக்கும்."

விஜயகலா தேயிலைக் கொழுந்து எடுப்பவள். தோட்டத்துச் சுகநலத் திட்டத்தின் செயலாளரும் அவள்தான். காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு என்று நீளும் ஏழாம் பிரிவில் மூக்குக் கண்ணாடியையும் சேர்க்கத் திருத்தம் எழுதியிருந்தாள். விதிப்படி அதைப் பதினான்கு நாள் பார்வைக்கு வைத்து, உறுப்பினர்களின் கருத்தோடு தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும்.

பலாங்கொடையில் ஹுஸைன் நானா கடையில் அதை அச்செடுத்தாள். எல்லாம் ஒரே தாளில் அடங்க, நானா எழுத்தைப் பொடியாக்கிவிட்டார். சுகாதாரப் பரிசோதகர் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்ட வேறொரு தாளும் அதே பையில் இருந்தது. ஒன்றைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பலகையில் குத்தினாள். மற்றதைக் கோயில் மதிலில் ஒட்டினாள். அதை அன்று மாலை மழையே கரைத்துக்கொண்டு போனது.

பதினான்கு நாளும் யாரும் வாய் திறக்கவில்லை. கோப்பு திரும்பி வந்தது: 'கருத்து எதுவும் இல்லாததால் அறிவித்தலை எவரும் வாசித்ததாகக் கொள்ள முடியாது.'

பாராட்டி எழுதினால் செயலாளரே எழுதியது என்பார்கள். ஆட்சேபணைதான் நம்பும்படி இருக்கும்.

யோகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு எழுதினார்: 'கண்ணாடி வேண்டாம். பல்செட் வேண்டும்.'

மறுநாள் காலை ஜெயம்மா வந்தாள். "அவரு எலும்பு கடிக்கிறதுக்கு நாங்க சந்தா கட்டணுமா? எழுதிக்க, என்னோட ஆட்சேபணைய!"

மூக்கையாவுக்கோ கண்ணே கலங்கிவிட்டது. "எல்லார்கிட்டயும் கேட்டியே, எங்கிட்ட ஒரு ஆட்சேபணை கேட்டியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவரைச் சமாதானப்படுத்த ஒன்று வாங்கினாள். மேல் லயத்து வீடுகளில் வாங்கியதைக் கேட்டுக் கீழ் லயம் கோபித்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஏன், என் ஆட்சேபணைக்கு என்ன குறை?" என்று கேட்டுச் சிலர் இரண்டாவதும் எழுதினார்கள். ஒரு வாரத்தில் அறுபத்தொன்று சேர்ந்தது. பத்தைத் தாண்டினால் அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்பதும் விதி.

விசாரணைக்கு முந்தைய நாள் மலையில் நின்றபோது அவளுக்குக் கொழுந்தும் முத்தலும் ஒரே பச்சையாகத் தெரிந்தன. இன்னொரு தடவை முத்தல் இலை வந்தால் புல்வெட்டத்தான் அனுப்புவேன் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். கண் மங்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருடங்களாக இந்த லயங்களுக்கு வரும் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொன்னவள். எழுத்துத் தெரிந்தவள் என்ற பேர்தான் அவளுக்கென்று இருந்த ஒரே நகை. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் கிடைத்தால், அதில் தனக்கும் ஒன்று சத்தமில்லாமல் வந்துவிடும் என்று நினைத்தாள்.

அதிகாரி மனோகரி யாழ்ப்பாணத்துக்காரர். மடுவத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். இளையவர்கள் கொழும்புக்கும் டவுன் கடைகளுக்கும் போய்விட்டதால் நாற்பது தாண்டியவர்கள்தான் நின்றார்கள்.

"எல்லாரும் அறிவித்தலை வாசிச்சுப்போட்டுத்தானே எழுதினனீங்கள்?"

"வாசிச்சோங்க!"

"நான் ரெண்டு தரம் வாசிச்சேங்க," என்றார் மூக்கையா. "கடைசி வரிதான் எனக்குப் புடிக்கல."

"எனக்கு மூணாவது வரி," என்றாள் ஜெயம்மா, விட்டுக்கொடுக்காமல்.

மனோகரி பலகையருகே போனார். தலையைப் பின்னுக்கு இழுத்தார், முன்னுக்கு நீட்டினார். "வடிவாத்தான் போட்டிருக்கிறீர், பிள்ளை," என்று சொல்லிப் படிவத்தில் எழுதினார்: 'முறைப்படி காட்சிப்படுத்தப்பட்டுள்ளது.' பிறகு பெருமூச்சு விட்டார்.

"வரி வரியா வாசிச்சு இவ்வளவு பேர் எதிர்க்கேக்கை, நான் எப்பிடியம்மா இதை மேல அனுப்புறது?"

பேனா 'நிராகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தின் மேல் நின்றது. பேர் போனால் போகட்டும் என்று விஜயகலா ஓரடி முன்னால் வைத்தாள்.

"மேடம், எனக்கு..."

அதற்குள், அதிகாரியின் ஜீப்பில் இருந்து இறங்கி வந்து சும்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் கபூர் திரும்பினான்.

"என்ன மேடம் இது, நாய்களுக்கு ஊசி போடுற திகதிதானே இதுல இருக்கு, அதுக்கா இந்தத் தோட்டத்துல அறுபத்தொரு ஆட்சேபணை?"