வெங்காயத்தோல் விஞ்ஞானி

இனி ஒரு வெங்காயத் தோலைக்கூடக் குப்பைக்குப் போக விடமாட்டேன் என்று விஞ்ஞானி சபதம் செய்தார். விஞ்ஞானி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காய்கறியை நறுக்கி, உறையவைத்து விற்கிற ஆலையில் அவர் பரிசோதனைக்கூட உதவியாளர். அந்தப் பட்டத்தை வழங்கியது மனைவி, அதுவும் அவர் ஃப்யூஸ் போடுகிறேன் என்று வீட்டையே இருட்டாக்கிய அன்று.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. ஆலையில் மலைமலையாகக் குவிகிற தோலிலிருந்து சத்தைப் பிரித்துக் காட்டுகிறவருக்கே பரிசோதனைக்கூடத் தலைமைப் பதவி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியை எட்டி எட்டிப் பார்த்தே மனிதருக்குக் கழுத்து சுளுக்கியிருந்தது. அங்கேயே செய்தால் யாராவது காப்பியடித்துவிடுவார்கள் என்று ஒரு மூட்டைத் தோலை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

"என்ன இது, ஊர்க் குப்பையை வீட்டுக்கு அள்ளிட்டு வந்திருக்கீங்க?"

"குப்பை இல்லம்மா. நறுக்கி வச்ச ஆப்பிள் கறுத்துப் போகுதுல்ல? அது மாதிரி நம்ம உடம்பு உள்ளுக்குள்ள கெட்டுப்போகாம தடுக்கற சத்து இதுல இருக்கு. ஆன்டி ஆக்சிடன்ட்!"

"எந்த ஆன்ட்டி?"

"ஐயோ, இது ஆராய்ச்சிம்மா!"

"சரி, நல்லா ஆற வச்சே பண்ணுங்க. அடுப்புல இருக்கற வெந்நீர்ப் பாத்திரம் சுடுது."

தோலை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, செம்பழுப்பாக ஒரு பாட்டில் சாறு எடுத்தார். சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்ததும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு ஓடினார்.

சோதனை இதுதான். ஊதா நிறத் திரவத்தில் சாற்றைச் சில சொட்டு விட வேண்டும். சத்து இருந்தால் ஊதா போய் மஞ்சளாகும். விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சள்! மேனேஜர் முதுகில் தட்டிய தட்டில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"இன்னொரு பாட்டில் கொண்டு வாங்க. அதுவும் இப்படியே வந்தா நாற்காலி உங்களுக்குத்தான்."

அங்கேதான் வந்தது வினை. இரண்டாவது பாட்டிலுக்கு ஊதா லேசாக வெளுத்ததோடு சரி. அதே தோல், அதே தண்ணீர், அதே பாத்திரம். விஞ்ஞானிக்கு ஒன்றுமே புரியவில்லை. தண்ணீரை மாற்றினார். அடுப்பை மாற்றினார். சட்டையைக்கூட மாற்றிப் பார்த்தார். ம்ஹூம்!

"தோலோட விஞ்ஞானி சேர்ந்தா தோல்-வி தானே வரும்?" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே. அன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு? ஒரே குழப்பமா இருக்கு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அடுப்படியில நான் இருந்தேன்ல? என் கைராசியா இருக்கும்."

விஞ்ஞானத்தில் கைராசிக்கு இடமில்லைதான். ஆனால் நாற்காலிக்கு வேறு வழியும் இல்லை.

"அப்ப நீயே செஞ்சு குடேன்!"

"செய்யறேன். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. அப்புறம், பாத்திரம் தேய்க்கிறது, துணி துவைக்கிறது, வீடு பெருக்கறதெல்லாம் யாரு?"

யாரு? அவர்தான்.

கைராசி பலித்தது. பாட்டிலுக்குப் பாட்டில் மஞ்சள். விஞ்ஞானி தேய்த்தார், துவைத்தார், பெருக்கினார். இடுப்பு கழன்றது. அப்பாடா என்று உட்கார்ந்தால் வருகிற டீ வேறு நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனது.

"என்னம்மா, டீன்னு சொல்லி வெந்நீரைக் குடுக்கறே?"

"சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க."

நாற்காலியும் வந்தது. அதில் சாய்ந்து ஒரு சுற்று சுற்றுவதற்குள் மேனேஜர் வந்து நின்றார். "நாளைக்கு முதலாளி வர்றார். அவர் கண் முன்னாலேயே நீங்க தோலைப் போட்டு ஒரு அண்டா சாறு எடுத்துக் காட்டிடுங்க."

மனிதர் அலறியடித்து வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"அம்மா தாயே! நாளைக்கு முதலாளி முன்னால நானே ஒரு அண்டா எடுக்கணும். அந்தக் கைராசி என்னன்னு இப்பவாவது சொல்லு. மானம் போயிடும்!"

"திட்டக் கூடாது. அன்னைக்கு உங்க பாட்டில் என் கை பட்டுக் கவுந்துடுச்சு. கத்துவீங்களேன்னு அதே கலர்ல வேற ஒண்ணைக் காய்ச்சி ஊத்தி வச்சேன்."

"எதைக் காய்ச்சி?"

"வரும்போது டீத்தூள் வாங்கிட்டு வாங்க. அண்டாவுக்குன்னா பெரிய பாக்கெட்டா பாத்து வாங்குங்க."