மச்சம் எந்தப் பக்கம்?

போட்டோவில் இடது கன்னத்தில் இருந்த மச்சம், அச்சில் வலது கன்னத்துக்குக் குடிபோயிருந்தது.

அச்சுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லினோ எனும் மெத்தென்ற அச்சுத் தகட்டில் முகத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே படிக்கிற பாடம். இருபத்தைந்து வருஷ அனுபவசாலி அதை மறந்து தொலைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தலைமை நூலகர் ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தெரியாமல் பரிசாகத் தயாராகும் அவருடைய உருவப்படம் இது. "அச்சு அசலா மேடமே வந்து நிப்பாங்க" என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாயிற்று. படம் பிசகினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"மச்சத்தை மட்டும் அந்தப் பக்கம் மாத்திடுங்களேன்" என்றாள் மனைவி.

"மச்சம்கறது செதுக்காம விட்ட மேடு. அந்தக் கன்னத்தை ஏற்கெனவே வழிச்சாச்சு. மேட்டுக்கு நான் எங்க போவேன்?"

புதுத் தகடு எடுத்து, இரண்டு நாள் முதுகு ஒடியச் செதுக்கினார். மச்சம் இடது கன்னத்துக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை நூலகக் குமாஸ்தா வந்தார். விழா ஏற்பாடு முழுக்க அவர் பொறுப்பு.

"என்னங்க, மச்சம் பக்கம் மாறிக் கெடக்கு?"

"போட்டோல அப்படித்தானே இருக்கு!"

"அது மேடம் எடுத்த செல்ஃபி சார். கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டியிருக்கு. பதினெட்டு வருஷமா எதிர்ல உக்காந்து பாக்கறேன், வலது கன்னம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

அப்படியானால் முதல் அச்சுதான் சரி! அச்சுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் மறந்தாலும் என் கை மறக்காது."

மனைவி இரண்டாவது தகட்டை எடுத்து மூலையில் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

வியாழன் காலை, குமாஸ்தாவோடு புத்தகம் கொடுக்கும் கவுண்டர் அம்மாளும் வந்தார். முதல் அச்சைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இடது கன்னம் சார். அந்தப் பக்கமா நின்னுதான் எப்பவும் லீவு கேப்பேன். எனக்குத் தெரியாதா?"

"வலதும்மா!"

"உங்க பேனா உங்க காதுல இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. மச்சத்தைப் பத்திப் பேச வந்துட்டீங்க!"

மேடத்தையே கேட்கலாமென்றால் ரகசியம் உடைந்துவிடும். குரல்கள் ஏறின. அச்சுக்காரர் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"நிறுத்துங்க. நடுவுல வெச்சுடறேன்."

"எதோட நடுவுல?"

"முகவாயோட நடுவுல. எப்படித் திருப்பினாலும் அது அங்கயேதான் இருக்கும். இனி யாரும் பக்கம் தப்புன்னு சொல்ல முடியாது."

இருவரும் யோசித்தார்கள். எதிராளி ஜெயிக்கவில்லை என்பதே இருவருக்கும் போதுமாக இருந்தது. அச்சுக்காரர் மூன்றாவது தகட்டை ஒரே மூச்சில் செதுக்கி முடித்தார். இப்படியொரு யோசனை தனக்கு வந்ததே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. திரை விலகியது. கைதட்டல் அதிர்ந்தது.

"அச்சு அசல்!" என்றார் குமாஸ்தா.

"அந்த மச்சம் ஒண்ணே போதும், மேடம்தான்னு சொல்லிடலாம்" என்றார் கவுண்டர் அம்மாள்.

அச்சுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தலைமை நூலகர் மட்டும் படத்தைப் பார்ப்பதும் தன் முகவாயைத் தடவுவதுமாக நின்றார்.

கடைசி வரிசையில் துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அம்மாதான் வாயைத் திறந்தார்.

"மேடத்துக்கு ஏது மச்சம்? செல்ஃபி எடுத்த அன்னிக்குக் கன்னத்துல முத்திரை மை ஒட்டியிருந்துச்சு, நான்தானே ஈரத்துணி குடுத்துத் துடைக்கச் சொன்னேன்!"