பாலியில் செதுக்கிய மீசை

என் வீட்டு முகப்பில் அந்தக் கோரைப்பல் மூஞ்சி தொங்காது. தொங்கினால் என் பெயர் முனிராஜ் இல்லை.

இந்தச் சபதத்தை நான் எடுத்தது ஓசூர் பாகலூர் ரோட்டை ஒட்டிய எங்கள் லேஅவுட்டில், என் புது வீட்டுக்கு எதிரே, நடுத்தெருவில் நின்றுகொண்டு. சாட்சிக்கு மூன்று பேர் இருந்தார்கள். வீட்டைக் கட்டிக்கொடுத்த மேஸ்திரி மணிவேல், எதிர் மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் ராமப்பன், அப்புறம் என் மனைவி சுமலதா. முதல் இரண்டு பேரும் ஆடிப்போனார்கள். மூன்றாமவர் கொட்டாவி விட்டார்.

என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. முகப்புக்கு, அதாவது எலிவேஷனுக்கு, படம் போட்டது நானே. சாம்பல் நிறக் கல், நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, அதற்கு மேலே சன்ஷேடு. அந்த வெள்ளைப் பட்டையில் ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. பெங்களூர்க்காரர்கள் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதாவது, ஒருத்தர் நிறுத்தினார். வழி கேட்டார். கேட்கும்போது வீட்டையும் பார்த்தார்.

சரியாக அந்த வெள்ளைப் பட்டையில்தான் திருஷ்டி பொம்மை மாட்ட வேண்டும் என்று சுமலதா ஒற்றைக்காலில் நின்றாள்.

"என்னாங்க, ஊர்க்கண்ணு பூரா நம்ம வீட்டு மேலதான் இருக்குது. குடி வந்ததும் மோட்டார் போச்சி. எனக்குக் கால் சுளுக்கிச்சி. உங்களுக்கு வயித்துப்போக்கு."

"அது மாங்கா தின்னதால வந்துச்சி."

"யார் குடுத்த மாங்கா?"

"ராமப்பன் குடுத்தது."

"மொதல் கண்ணே அவர் கண்ணுதான்."

பக்கத்தில் நின்ற ராமப்பன் தன் செருப்பை ஆராய ஆரம்பித்தார்.

மேஸ்திரி மணிவேல் சமாதானத்துக்கு வந்தார். "சார், பெரிசா ஒண்ணும் வேணாம் சார். கண்ணு முட்டிக்கிட்டு இருக்கணும். நாக்கு வெளிய தள்ளியிருக்கணும். ரெண்டு பக்கமும் கோரைப்பல்லு. மேல முறுக்கு மீசை. இந்த நாலும் இருந்தா போதும், ஒரு கண்ணும் அண்டாது."

"மணிவேலு, நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட். அளந்து பாக்க முடியாததை நம்பமாட்டேன். இதெல்லாம் மூடநம்பிக்கை. என் எலிவேஷன்ல இதுக்கு எடமில்ல."

எங்கள் வீட்டில் சமாதானம் தமிழில் நடக்கும், சண்டை கன்னடத்தில் நடக்கும். சுமலதா ஆனேக்கல் பக்கம். கோபம் வந்தால் "ஏன்ரீ" என்று ஆரம்பிப்பாள். நான் "சரி" என்று முடிப்பேன். அன்றைக்கு அவள் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க" என்று சுத்தத் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் கம்பெனியில் என்னை மேடை ஏற்றினார்கள். ஒரு வருஷம் முழுக்க என் லைனிலிருந்து போன பிரேக் பாகங்களில் ஒரு புகார்கூட வரவில்லை. பரிசு, மனைவியோடு பாலித் தீவுக்குச் சுற்றுலா. சிப்காட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் குக்கர். எனக்கு ஒரு தீவு.

பாலியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பெயர் கெத்துட். பெயரிலேயே கெத்து இருந்ததால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. உபுது என்ற ஊரில் குரங்குக் காட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு குரங்கு என் கம்பெனித் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டது. பெயர் பொறித்த தொப்பி. விடுவேனா? கத்திக்கொண்டே துரத்தினேன். குரங்கு ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தது. தொப்பியைப் போட்டுவிட்டு மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து சுமலதா செல்போனில் என்னைப் படம் எடுத்தாள். எப்போதும் என்னைப் பாதித் தலையோடு எடுப்பவள், அன்று மட்டும் முழுசாக எடுத்திருந்தாள்.

மறுநாள் காலை மரச்சிற்பம் செய்யும் கிராமத்துக்குப் போனோம். அந்தக் கிராமத்தின் பெயர் மாஸ். வழிகாட்டி கெத்துட், ஊர் மாஸ், வந்திருப்பது நான். எல்லாம் பொருத்தமாகவே அமைந்தது.

ஊரே ஒரு பட்டறை. வீட்டுக்கு வீடு வாசலில் பிளந்துவைத்த மாதிரி இரண்டு கல் கோபுரங்கள். உள்ளே முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டையைக் கால் பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உளியால் தட்டுகிறார்கள். டொக் டொக் என்று தெரு முழுக்கச் சத்தம். மரத்தூள் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வருகிறது. தரையில் தென்னங்குருத்தில் சின்னத் தட்டு முடைந்து, பூவும் சோறும் வைத்துப் படைத்திருந்தார்கள். நான் ஒன்றை மிதிக்கப் போனேன். சுமலதா என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பக்கமும் கல் உருவங்கள். முட்டைக் கண், கோரைப்பல், இடுப்பில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி. சுமலதா நின்று கும்பிட்டாள்.

"ஏங்க, இவரைக் கேளுங்க. இந்த ஊர்ல வாசல்ல மூஞ்சி வெக்காத வீடே கெடையாதா?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். கெத்துட் சிரித்தார். கெட்டது எதுவும் உள்ளே வராமல் இருக்க எல்லாரும் வைப்பார்கள் என்றார்.

சுமலதா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டியது குவாலிட்டி டிபார்ட்மென்டின் கடமை.

"இது வேற, சுமா. இது கலை. கை வேலை, உளி வேலை, பரம்பரை. நம்ம சந்தையில விக்கறது பிளாஸ்டிக்கு, மூடநம்பிக்கை."

"அப்ப கலையா இருந்தா வாசல்ல மாட்டலாமா?"

"தாராளமா. கலையை மறைச்சி வெக்கறவன் மனுஷனே இல்ல."

"சரிங்க" என்றாள். மறுபடியும் சுத்தத் தமிழ்.

கெத்துட் எங்களை முகமூடி செதுக்கும் ஒரு சிற்பியின் வீட்டுக்குள் கூட்டிப்போனார். சுவர் முழுக்க முகங்கள். கோயில் ஆட்டத்துக்குப் போட்டுக்கொள்வார்களாம். ஒன்று சிங்கம் மாதிரி. ஒன்று ராட்சசி, நாக்கு மார்பு வரை தொங்குகிறது. வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, கண்ணாடி மாதிரி மின்னவைத்திருந்தார்கள். எனக்கு ஒரு பிசிறு கண்ணில் படவில்லை. என் கண்ணிலேயே படவில்லை என்றால் அங்கே பிசிறே இல்லை என்று பொருள். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சிற்பியிடம் கைகுலுக்கி அதைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க" என்று சுமலதா என் கையைத் தொட்டாள். கல்யாணமான புதிதில் தொட்டது, அப்புறம் இப்போதுதான். "உங்க முகத்தை இவர் செதுக்கினா எப்பிடி இருக்கும்?"

எனக்குப் புல்லரித்தது.

"ஹால்ல என் போட்டோ மாட்டலாம்னப்ப, வர்றவங்க மாலையோட வருவாங்கன்னு சொன்னவ நீதானே?"

"அது போட்டோ. இது சிலை. சிலையெல்லாம் தலைவருங்களுக்குத்தானே வெக்கறாங்க."

இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை என்ன செய்ய முடியும்? ஒத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து லேசாகப் புன்னகைத்தேன். சிற்பி கெத்துட்டிடம் ஏதோ சொன்னார். உட்காரத் தேவையில்லை, ஒரு படம் இருந்தால் போதும் என்றாராம். சுமலதா சட்டென்று செல்போனை நீட்டினாள். குரங்கைத் துரத்திய படம்.

"இது வேணாம் சுமா. வாய் தொறந்திருக்குது."

"பேசறப்பதாங்க நீங்க அழகு."

"நாக்கு தெரியுதே."

"சத்தமா பேசற ஆம்பளைக்கு நாக்கு தெரியாதா?"

"என் தெத்துப்பல் ரெண்டும் வேற..."

"தெத்துப்பல்லு அதிர்ஷ்டம். அதை மட்டும் விட்டுடக் கூடாதுன்னு சொல்லுங்க. மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொல்லுங்க. உங்க கோபம் தெரியணும். அன்னிக்கு அந்தக் குரங்கே மெரண்டு ஓடுச்சே, அந்த வீரம் இருக்கணும்."

ஒவ்வொன்றையும் நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நானே கெத்துட்டிடம் சொன்னேன். சிற்பி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல ஒன்று சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்று கெத்துட்டைக் கேட்டேன்.

"வழக்கமா முகத்துல பயங்கரத்தை நாங்க சேர்க்கணும். உங்க முகத்துல ஒண்ணும் சேர்க்க வேண்டியதில்லைன்னு சொல்றார்" என்று கெத்துட் விளக்கினார்.

நான் தலை வணங்கி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் முகம் தயாராக இருந்தது. சிவப்பு முகம், தங்க விளிம்பு, மீசைக்கு நிஜ மயிர். இதழ் விரித்து, பல் காட்டி, கண் உருட்டி, நான். பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி உடனே மூடிவிட்டு, "போங்க சார்" என்று இரண்டு கையாலும் வழிவிட்டார். அப்படி ஒரு மரியாதை எனக்கு எந்த அலுவலகத்திலும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் டி.வி.க்கு மேலே பிடித்துப் பார்த்தேன்.

சுமலதா உதட்டைப் பிதுக்கினாள். "இங்க யாருங்க பாக்கப்போறாங்க? நானும் கேஸ் சிலிண்டர்காரரும். ரோட்ல போற பெங்களூர்க்காரங்க எப்பிடிப் பாப்பாங்க?"

"அதுக்காக?"

"கலையை மறைச்சி வெக்கறவன் மனுஷனே இல்லன்னு பாலியில ஒருத்தர் சொன்னாரு."

சொன்னவர் நான். நான் சொன்னதை நானே மீற முடியுமா? ஏணி போட்டேன். வெள்ளைப் பட்டையின் நடுமையத்தை அளந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, என் கையாலேயே துளை போட்டு, என் கையாலேயே மாட்டினேன். ஒரு நூல்கூடச் சாயவில்லை. தெருவுக்கு இறங்கி வந்து பார்த்தேன். என் வீடு, என் எலிவேஷன், என் முகம். நெஞ்சு விம்மியது என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அடுத்து வந்த அமாவாசை அன்று வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சுமலதா பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு, ஏணியில் ஏறி, என் தாடைக்குக் கீழே கறுப்புக் கயிற்றில் படிகாரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் கட்டிக்கொண்டிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மேஸ்திரி மணிவேல்.

"சுமா, என்ன பண்றே?"

பதில் மணிவேலிடமிருந்து வந்தது. "சார், நான் கேட்டது நாலுதான். கண்ணு, நாக்கு, பல்லு, மீசை. நாலும் அப்பிடியே கெடச்சிருக்குது. அம்மா பாலியில இருந்தே போட்டோ அனுப்பிட்டாங்க. போதுமா மேஸ்திரின்னு கேட்டாங்க. தாராளம்னேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். குரங்கு, போட்டோ, தெத்துப்பல், முறுக்கு மீசை என்று எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின.

"நீ என்னை ஏமாத்திட்டே."

"நானா? செதுக்கச் சொன்னது நீங்க. ரசமட்டம் வெச்சி மாட்டினது நீங்க." ஏணியிலிருந்து இறங்கி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மேலே பார்த்தாள். அவள் குரல் மாறியது. "சந்தையில வாங்கினா அது எவன் மூஞ்சியோ. என் வீட்டுக்கு என் வீட்டுக்காரர்தான் காவல் நிக்கணும். மோட்டார் ஒழுங்கா ஓடுது, என் காலும் நல்லாயிடுச்சி. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்குது தெரியுமா?"

பொய் சொல்லும்போது சுமலதா என் கண்ணைப் பார்க்க மாட்டாள். இப்போது பார்த்தாள். என் கோபம் பாதியில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. எலிவேஷன் போனால் போகட்டும். பாலிச் சிற்பி ஒருவர் கைபட்ட முகம் காவல் காக்கும் வீடு ஓசூரில் வேறு எது? மீசையை ஒருதரம் தடவிக்கொண்டேன். கீழே இருக்கும் மீசையை.

எதிர் மனையிலிருந்து ராமப்பன் ஓடிவந்தார். இந்தத் தடவை கையில் மாங்காய் இல்லை. ஒரு பிளக்ஸ் சுருள் இருந்தது.

"கோவிச்சிக்காதீங்க. அம்மாகிட்ட கேட்டு உங்க படத்தை வாங்கிப் பெரிசா பிரிண்ட் போட்டுட்டேன். ஒண்ணு என் கட்டடத்துக்கு. இன்னொண்ணைத் தோப்புல கட்டினேன். அங்க குரங்குத் தொல்லை தாங்கல. இப்ப ஒண்ணுகூட வர்றதில்ல."

பாலிக் குரங்கு ஓடியபோது வெள்ளைக்காரர்கள் கைதட்டியது நினைவுக்கு வந்தது. கடல் தாண்டியும் என் வீரம் வேலை செய்கிறது. அந்தப் பெருமையை அனுபவித்துக்கொண்டிருக்கும்போதே சுமலதா மெல்லச் சொன்னாள்: "தொங்கினா என் பேரு முனிராஜ் இல்லன்னு இதே எடத்துலதான் சொன்னீங்க."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு. என் பேரை யாரால மாத்த முடியும்?"

அப்போது தெருக்கோடியில் கேஸ் வண்டி வந்து நின்றது. சிலிண்டர்காரர் அங்கிருந்தே, "திருஷ்டி சார்" என்று கூப்பிட்டார்.

நான்தான் திரும்பிப் பார்த்தேன்.