தாய்மாமன் சீரும் ஜீவனாம்ச வழக்கும்

நான் பொறாமைப்பட்ட ஆட்களில் பாதிப் பேருக்கு நான் யாரென்றே தெரியாது. அவர்களில் ஒருவரால்தான் குடும்பநல நீதிமன்றத்தில் என் மானம் போனது. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. திருநகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட என் மனைவி செல்வி ஜீவனாம்சம் கேட்டிருந்தாள். ஆனையூரில் என் டைல்ஸ் கடை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது, வருமானமே இல்லை என்று மனுவில் சொல்லியிருந்தேன்.

"தம்பி, வாய்தாவுக்கு டவுன் பஸ்ல வா. சாயம் போன சட்டையப் போடு. மோதிரம் கீதிரம் கண்ணுல படக் கூடாது" என்று என் வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார்.

அப்படியே போனேன். (சவரம்கூடச் செய்யவில்லை. நடிப்பு என்று வந்தால் நான் குறை வைப்பதில்லை.)

அன்று பார்த்துச் செல்வி வெள்ளைக் காரில் வந்து இறங்கினாள். ஓட்டி வந்தவன் நல்ல உயரம். அவள் ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். என்னோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவள் முன்னால் இந்தச் சட்டையோடா நிற்க வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் உசிலம்பட்டியில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சீர் கொண்டுபோவதும் அவன்தான்.

"கேசு நடக்குது தம்பி. ஒரு ஜோடித் தோடு போதும்" என்றாள் அக்கா.

நான் கேட்கவில்லை. கடை முதலையும் சேமிப்பையும் வழித்தெடுத்தேன். சாரட்டு வண்டி, நையாண்டி மேளம், மாலை போட்ட கிடாய்கள், தட்டுத் தட்டாகச் சீர். மண்டப வாசலில் கூலிங்கிளாஸோடு நான் நிற்கும் ஃபிளெக்ஸ். அதில் 'அள்ளிக் கொடுக்கும் தாய்மாமன்' என்று போடச் சொன்னதும் நானே. எல்லாவற்றையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றினேன். முதலில் பார்த்தது செல்வி. அன்றைக்குக் கிடாக்கறி அவ்வளவு ருசித்தது.

அடுத்த வாய்தாவில் அந்த ஸ்டேட்டஸ் முழுவதும் கலர் பிரிண்டாக நீதிபதியம்மாவின் மேஜையில் இருந்தது.

"இது நீங்கதானே?"

"ஆமாங்கம்மா. கடன் வாங்கிச் செஞ்சதுங்க."

"வருமானமே இல்லாதவருக்கு இவ்வளவு கடன் யார் கொடுத்தாங்க?"

என் வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அவளுக்கு எதுக்கும்மா ஜீவனாம்சம்? கார்க்காரன் கூட வந்து இறங்குறா."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "அது வாடகைக் காரும்மா. அன்னைக்கு பஸ்ஸ விட்டுட்டேன். அந்த டிரைவரண்ணே பேரு கூட எனக்குத் தெரியாது."

கோர்ட்டே சிரித்தது. (மஞ்சள் நம்பர் பலகையை ஊரே பார்த்திருக்கும். நான் பார்த்தது அவன் உயரத்தை மட்டும்.)

அவள் கேட்ட தொகையை அப்படியே கொடுக்கச் சொல்லி உத்தரவானது. சீர் செலவில் கடையும் நிஜமாகவே படுத்துக்கொண்டது. கோர்ட்டில் சொன்ன பொய் மெய்யானபோது மறுபடி அங்கேயே போய் அழுதேன். ஒருத்தரும் நம்பவில்லை.

விவாகரத்தும் ஆகிவிட்டது. இன்றும் நான் புதுச்சட்டை போட்டு விசேஷத்துக்குக் கிளம்பினால் போதும், இப்போது வளர்ந்துவிட்ட அந்த அக்கா மகள் எல்லோர் முன்னாலும் கேட்பாள்: "மாமா, இது அத்த பாக்கவா?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்புறம் ஓரமாகப் போய் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். அவள் பெயர் அதில் வருவதில்லை.