மாமரத்தடித் தோணியும் நூறு வீதக் காற்றும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.01.1971

மதிப்புக்குரிய மச்சான் சிவகுருநாதன் அவர்கள் அறியவேண்டியது,

கோணேசர் கிருபையால் இங்கு நாங்கள் அனைவரும் சற்று நனைந்த சுகம். யாழ்ப்பாணத்தில் நீங்கள் உலர்ந்த சுகமாய் இருப்பீர்கள் என நம்புகிறேன். எங்கள் வளவுக்குள் தோணி வந்தது பற்றி உங்கள் தங்கை அன்னலட்சுமி ஏதும் எழுதியிருந்தால், அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை வாசிக்கவும்.

நீங்கள் பேசிச் செய்துவைத்த மருமகன் சோமசேகரம் குறை சொல்ல முடியாத பிள்ளை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் உத்தியோகம், வெற்றிலைகூடப் போடுவதில்லை. ஆனால் குசினி விறாந்தையில் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றி, துணியின் வாலை ஒரு போத்தல் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார். காலையும் மாலையும் அவற்றைப் பார்த்து, காற்றில் ஈரம் எத்தனை வீதம் என்று சொல்வார். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த கதை முழுவதும் அதுதான். "எண்பத்திரண்டு, மாமா." "ஓம் தம்பி."

மார்கழி மழையோடு இலக்கம் ஏறத் தொடங்கியது. சாடியில் உப்பு அழுதது, நெருப்புக்குச்சி உரசினால் மாவாய் உதிர்ந்தது, அலுமாரிக் கதவு பொருமித் திறக்க மறுத்ததால் நான் ஒரு செத்தவீட்டுக்கு வேட்டியில்லாமல் சாரத்தோடு போகவேண்டி வந்தது, இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருந்தபோது போன வியாழன் பின்னேரம் அவர் "தொண்ணூற்றேழு, மாமா" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். சோற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தேன். தொண்ணூற்றேழு பங்கு தண்ணீர் என்றால் மிச்சம் மூன்று பங்கைத்தானே மூச்சுவிடுகிறோம்? நூறானால் இந்த வீதி கடலுக்குள். நாங்கள் தாழப்போகிறோமா என்று ஒரு மாமனார் மருமகனிடம் எப்படிக் கேட்பது? மகளுக்கோ ஏழு மாதம். அடுத்த வளவு ஸெய்னுதீனிடம் போய் அவருடைய சின்னத் தோணியைக் கேட்டேன்.

"என்னத்துக்கு அண்ணன்? கடல் அங்கால கிடக்கே" என்றார்.

"இஞ்சால வருகுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதையை நீட்டாமல், ஆட்களோடு தோணியைத் தூக்கி வந்து எங்கள் மாமரத்தடியில் வைத்தார். நடுவில் மகள், முன்னால் அன்னலட்சுமி, பின்னால் எங்கள் ஆடு என்று இடம் பிரித்தேன். தோணி நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் விடியப் பார்த்தால் இரண்டு வெப்பமானிகளும் ஒரே கோட்டில் நின்றன. அப்படி நின்றால் நூறு என்று மருமகன் மகளுக்குச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. வெளியே வேலி இல்லை, வீதி இல்லை. வெள்ளையாய் ஒன்று எல்லாவற்றையும் மெல்ல மூடியிருந்தது. தோணிக்குள் ஏறி இருந்தேன். பயம் வரவில்லை, மச்சான். துறைமுகத்துக் கப்பல்கள் தண்ணீரை விட்டு எழும்பி, தென்னோலைகளுக்கு மேலால் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கேயோ ஒரு சைக்கிள் மணி, நீருக்குள் அடிப்பதுபோல் கேட்டது.

மருமகன் வந்து பக்கத்தில் நின்றார். "இதில எனக்கு இடமிருக்கோ, மாமா?" என்றார்.

நான் அவரைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஆட்டின் இடத்தைக் காட்டினேன்.

ஏறி இருந்துகொண்டு சொன்னார்: "நூறு எண்டால் முழுக்கத் தண்ணி எண்டில்லை, மாமா. மூதூர் பஸ் நிரம்பினால் இனி ஆள் ஏத்த ஏலாது, அவ்வளவுதான். குளிர் காத்து சின்ன பஸ். வெயில் ஏறினால் அதே சனம், பெரிய பஸ். ஈரம் குறையிறேல்லை, இடம் கூடும். இலக்கம் இறங்கும்."

"அப்ப நாங்கள் தாழமாட்டம்?"

"இல்லை மாமா. எழும்பாதேங்கோ, அந்தக் கப்பலைப் பாருங்கோ."

மகள் இருவருக்கும் தேத்தண்ணியைத் தோணிக்கே கொண்டுவந்து தந்தாள். காற்றின் ஈரம் எனக்கு இப்போது நன்றாய் விளங்கிவிட்டது, தோணியையும் நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். நல்ல பிள்ளையைத்தான் பார்த்துத் தந்தீர்கள். மச்சாளுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் வீட்டு உப்பு என்றும் உதிரியாய் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கரத்தினம்

பி.கு.: இதை வாசித்த உங்கள் தங்கை, தேங்கின தண்ணீரில் நுளம்பு பெருகும் என்று அந்த வியாழன் காலையே போத்தல் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டதாகச் சொல்கிறா. துணி காய்ந்தால் இரண்டும் ஒரே கோட்டில்தான் நிற்குமாம். எங்கள் நூறு பொய்யாம். வெள்ளையாய் மூடியதும் ஸெய்னுதீன் வீட்டார் நுளம்புக்குப் போட்ட வேப்பிலைப் புகையாம். மருமகனிடம் சொன்னேன். அவர் வெறும் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கப்பலை ரெண்டு பேரும் கண்டனாங்கள்தானே, மாமா" என்றார். தோணி இன்னும் ஒரு கிழமை இங்கேயே நிற்கட்டும் என்று ஸெய்னுதீனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.